இலைக் கணக்கும் அட்டைக் கணக்கும்

செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைச் சுற்றி எத்தனை பேர் இருக்காங்கன்னு யாராவது கேட்டா, இரண்டு கணக்கு சொல்லலாம். ஒன்று, ரேஷன் கடையில் இருக்கிற அட்டைக் கணக்கு: இத்தனை குடும்பம், இத்தனை பேர், இத்தனை கிலோ அரிசி. இன்னொன்று, இலைக் கணக்கு. ஆசிரமத்தில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி தினமும் சாதுக்களுக்குப் போடுகிற சோறு, கிரிவலப் பாதையில் அங்கங்கே நடக்கிற அன்னதானம், பௌர்ணமி அன்னைக்கு வண்டியில் வைத்துக் கொடுக்கிற புளியோதரைப் பொட்டலம். எத்தனை இலை விழும்னு சமைக்கிறவருக்கு நல்லாத் தெரியும். சாப்பிட வருகிறவரோட பேரோ முகவரியோ அவருக்குத் தெரியாது, தேவையும் இல்லை.

சாதாரண நாளில் இந்த இரண்டு கணக்கும் ஒன்றையொன்று பார்க்காமலே ஓடிக்கிட்டு இருக்கும். 2020 மார்ச் 24 சாயங்காலம் 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுக்க ஊரடங்கு. கோயில் நடை சாத்தினாங்க, ஆசிரமங்கள் வெளியாட்களுக்குக் கதவை மூடின, கிரிவலம் நின்றது. ஒரே நாளில் இலைக் கணக்கு அறுந்துபோய், அட்டைக் கணக்கு மட்டும் மிஞ்சியது.

கொள்ளைநோய்க் காலத்தில் பொருள் விநியோகம் பற்றி நம்ம ஊரில் நடக்கிற பேச்சு பெரும்பாலும் கையிருப்பு போதுமா, லாரி வருமா, ஊழல் நடந்ததா என்கிற அளவில் நின்றுவிடுகிறது. அதுக்கு முன்னாடியே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கு: யாரை எண்ணினோம், எங்கே வைத்து எண்ணினோம்? 2020, 2021 இரண்டு வருஷத்திலும் தமிழ்நாடு செய்ததில் நல்லது நிறைய உண்டு. சறுக்கின இடங்களைப் பார்த்தால், பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் சறுக்கியிருக்கு.

முதலில், சரியாக நடந்தது

அரிசி அட்டை வைத்திருக்கிற எல்லாருக்கும் 1,000 ரூபாய், அதோட ஏப்ரல் மாத அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை இலவசம் என்று 2020 மார்ச் 24-ஆம் தேதியே அறிவிச்சாங்க. நாள், நேரம் போட்ட டோக்கன் வீட்டுக்கே போனது. 2021-இல் ஆட்சி மாறின பிறகு 4,000 ரூபாய் இரண்டு தவணையாக, 2 கோடியே 7 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளுக்கு. ஜூனில் இரண்டாம் தவணையோட 14 மளிகைப் பொருள் அடங்கின பை. ஏழை, பணக்காரர் என்று பிரிக்காமல் ஏறக்குறைய எல்லாக் குடும்பத்துக்கும் அட்டை கொடுத்து வைத்திருக்கிற மாநிலம் என்பதால்தான் இவ்வளவு வேகமாகச் செய்ய முடிந்தது. புதுசா ஒரு பட்டியல் தயாரிக்க உட்கார்ந்திருந்தால், அது முடிவதற்குள் முதல் அலையே ஓய்ந்திருக்கும்.

அந்த 14 பொருள் பை சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஒரு கடைக்கு நாளுக்கு 200 பேர் என்று டோக்கன் கொடுத்தாங்க. 8 மணி நேர வேலைன்னு வைத்துக்கொண்டால், ஒரு அட்டைக்குக் கிடைப்பது 2.4 நிமிடம். அதுக்குள்ளே பதிவு பண்ணி, பணம் எண்ணி, 14 பொருளையும் எடை போட்டுக் கொடுக்கணும்னா முடியவே முடியாது. ஒருத்தருக்கு 3 நிமிடம் ஆனாலே, 200 பேர் முடிய 10 மணி நேரம். முன்கூட்டியே பையாகக் கட்டி வைத்ததால் எடை போடுகிற நேரம் மிச்சமாச்சு, வரிசையும் சுருங்கியது. தொற்றுநோய்க் காலத்தில் வரிசையோட நீளமே ஒரு நோய்க் காரணி. இதைப் புரிந்துகொண்டு செய்த ஏற்பாடு என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

வீடு என்கிற அலகு

இந்தத் துறையில் ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்குப் பஞ்சம் இல்லை. அலி எகிஜி, பினார் கெஸ்கினோஜாக், ஜூலி ஸ்வான் மூவரும் 2014-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, ஃப்ளூ கொள்ளைநோய் வந்தால் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உணவை எப்படி விநியோகிப்பது என்று கணக்குப் போடுகிறது. அதோட நல்ல யோசனை இதுதான்: நோய் எப்படிப் பரவும்னு ஒரு மாதிரி, கிடங்குகளை எங்கே வைக்கிறதுன்னு இன்னொரு மாதிரி, இரண்டையும் சேர்த்து ஓட்டுவது. புயல் நிவாரணம் மாதிரி "இங்கே இவ்வளவு தேவை" என்று ஒரு தடவை குறித்து வைத்தால் போதாது. நோய் நகர நகர, தேவையும் ஊர் விட்டு ஊர் நகரும். இந்த வாரம் சமைக்க முடிந்த வீட்டில் அடுத்த வாரம் எல்லாரும் படுத்திருப்பாங்க. அதை இந்தக் கட்டுரை சரியாப் பிடிச்சிருக்கு.

ஆனா அதோட அலகு வீடு. வீட்டில் யார் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதிலிருந்து உணவுத் தேவை கணக்காகிறது. நம்ம ரேஷன் முறையோட அலகும் அதுதான். தமிழ்நாட்டில் குடும்ப அட்டை வாங்கணும்னா முகவரி வேணும், ஆதார் வேணும், முக்கியமாகத் தனிச் சமையல் இருக்கணும். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு குடும்பம் இருந்தாலும், அடுப்பு தனித்தனியா இருந்தால்தான் தனி அட்டை.

இந்த விதியை ரமணாசிரமம் பகுதியில் வைத்துப் பாருங்க. அன்னதானத்தில் சாப்பிடுகிற சாதுவுக்கு அடுப்பே கிடையாது. அதனால்தானே அவர் அன்னதானத்துக்கு வருகிறார்? அடுப்பு இல்லாதவருக்கு அட்டை இல்லை, அட்டை இல்லாதவருக்கு நிவாரணம் இல்லை. சோறு யாருக்கு ரொம்பத் தேவையோ, சரியாக அவரைத்தான் இந்த விதி வெளியே நிறுத்துகிறது. இது யாரோட கெட்ட எண்ணமும் இல்லை. மாதாந்திர அரிசிக்காக வகுத்த விதியை அப்படியே எடுத்து கொள்ளைநோய்க்கும் மாட்டினதால் வந்த வினை.

சாதுக்கள் மட்டும் இல்லை. டிசம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் இந்தப் பக்கம் சீசன். வெளிநாட்டுக்காரங்களும் வெளிமாநிலத்துக்காரங்களும் மாத வாடகைக்கு அறை எடுத்துத் தங்குவாங்க. அவங்களை நம்பி ஆட்டோ ஓட்டுறவங்க, வீட்டு வேலை செய்யறவங்க, சின்ன ஓட்டல் நடத்துறவங்க இருக்காங்க. பலருக்கு அட்டை வேறு ஊரில் இருக்கும். ஊரடங்கு வந்தது சீசனோட கடைசியில். 2020 ஏப்ரலில், தங்க இடம் கிடைக்காமல் அண்ணாமலையார் மலைக் குகையில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுப் பயணியை வனத்துறையினர் கண்டுபிடிச்ச செய்தி அப்போ எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. வேடிக்கைச் செய்தியாகப் போட்டாங்க. எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு மனுஷன் நோய்க் காலத்தில் எங்கே போய் நிற்பார் என்கிற கேள்வியாக அதை யாரும் படிக்கலை.

இதே ஊரில் நூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததும் இதோட சேர்த்துப் பார்க்க வேண்டியது. 1905 வாக்கில் திருவண்ணாமலையில் பிளேக் வந்தபோது ஜனங்கள் ஊரை விட்டு வெளியேறினாங்க. அப்போ மலையில் இருந்த ரமணர் சுமார் ஆறு மாதம் பச்சையம்மன் கோயிலில் தங்கியிருந்ததாக அவரோட வாழ்க்கை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பிளேக் வந்தால் ஊர் கலையும். கொரோனா வந்தால் இருக்கிற இடத்தில் உறையணும். இரண்டிலுமே ஆள் இருக்கிற இடமும் அட்டையில் இருக்கிற முகவரியும் ஒன்றாக இருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்லை.

பட்டியலில் ஏறுவது எப்படி

அரசு விதிவிலக்கே கொடுக்கலைன்னு சொல்ல முடியாது. 2021 ஜூனில், அட்டை இல்லாத திருநங்கைகளுக்கும் 2,000 ரூபாய் உண்டுன்னு அறிவிப்பு வந்தது. கோயில்களில் நிலையான சம்பளம் இல்லாமல் வேலை செய்கிற அர்ச்சகர்கள், பட்டாச்சாரியார்கள், பூசாரிகளுக்கு 4,000 ரூபாய், 10 கிலோ அரிசி, 15 வகை மளிகை என்று அதே மாதம் கொடுத்தாங்க. இரண்டும் நல்ல முடிவு.

இவங்களுக்கு எப்படிக் கிடைச்சதுன்னு பார்த்தால் ஒரு ஒற்றுமை இருக்கு. திருநங்கைகளுக்கு ஒரு நல வாரியம் இருந்தது, அவங்களுக்காகக் கேட்க ஆட்கள் இருந்தாங்க. அர்ச்சகர்களுக்கு அறநிலையத் துறையில் பதிவு இருந்தது. கோயிலுக்கு உள்ளே மணி அடிக்கிறவர் ஒரு துறையோட பட்டியலில் வந்துட்டார். அதே கோயிலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறவர் எந்தத் துறைக்கும் சொந்தமில்லை. ஒரு துறையோ வாரியமோ இல்லாத கூட்டத்துக்கு விதிவிலக்குக் கேட்கக்கூட வழி இல்லாமல் போகுது.

2021 மே மாதம் உச்ச நீதிமன்றம், டெல்லியிலும் சுற்றுப்புறத்திலும் சிக்கின புலம்பெயர் தொழிலாளர்களுக்கு உணவுப் பொருள் கொடுக்கும்போது அடையாள அட்டை கேட்டு வற்புறுத்தக் கூடாதுன்னு சொன்னது. சட்டத்தில் இதுக்கு இடம் இருக்குன்னு அது காட்டுது.

அறிவிப்பு உண்டாக்குகிற கூட்டம்

இரண்டாவது சறுக்கல், எப்போ சொல்றோம் என்பதில். 2020 ஏப்ரல் 26 முதல் சென்னை, கோவை, மதுரையில் நான்கு நாள் முழு ஊரடங்குன்னு முன்கூட்டியே அறிவிச்சாங்க. 25-ஆம் தேதி கோயம்பேடு சந்தையிலும் கடைத்தெருவிலும் நின்ன கூட்டத்தை மறந்திருக்க மாட்டீங்க. மே 5-ஆம் தேதி கோயம்பேட்டையே மூட வேண்டியதாச்சு. சந்தை திருமழிசைக்குப் போனது. அங்கிருந்து திரும்பின தொழிலாளர்கள் மூலமாக அரியலூர், கடலூர், விழுப்புரம் வரைக்கும் தொற்று பரவியது. அந்தக் கூட்டம் மட்டுமே காரணம்னு சொல்லலை. ஆனா ஒரு மாநிலத்தோட காய்கறி எல்லாம் ஒரே வாசல் வழியாக வருகிற ஏற்பாட்டில், அந்த வாசலில் ஒரு நாள் கூட்டத்தை இரட்டிப்பாக்கினது எந்தக் கணக்கிலும் சேராது.

அடுத்த வருஷமும் அதே மாதிரி. 2021 மே 24 முதல் மளிகைக் கடைகூடத் திறக்காத ஊரடங்கு. அதுக்கு முன்னாடி 22, 23 இரண்டு நாளும் கடைகள் ராத்திரி 9 மணி வரைக்கும் திறந்திருக்கும், வெளியூர்ப் பஸ் ஓடும்னு சொன்னாங்க. என்ன நடந்திருக்கும்னு நான் சொல்லத் தேவையில்லை. ஆனா 24-க்கு அப்புறம் காய்கறி வண்டிகள் தெருவுக்கே வந்தன, மே 31 முதல் மளிகைக்காரங்களும் வண்டியில் கொண்டுபோய் விற்கலாம்னு அனுமதி வந்தது. வண்டியை முதலில் விட்டு, கடையை அப்புறம் மூடியிருந்தால்? அதே உத்தரவு, அதே வண்டி. வரிசையை மட்டும் மாற்றியிருந்தால் அந்த இரண்டு நாள் நெரிசலில் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது.

இது புதுப் பாடமும் இல்லை. 1876-78 சென்னை மாகாணப் பஞ்சத்தில் நிவாரண முகாம்களில் கூடின ஜனங்களைக் காலரா அடித்தது. நிவாரணம் வாங்க வந்த இடமே நோய் வாங்கின இடமாச்சு. சோற்றுக்காக ஜனங்களை ஒரு இடத்துக்கு வரவழைத்தால் என்ன ஆகும்னு நமக்கு ஒன்றரை நூற்றாண்டாகத் தெரியும்.

கீழ்ப்பாக்கத்து வரிசை

எல்லாத்தையும்விட மோசமான உதாரணம் ரெம்டெசிவிர். 2021 ஏப்ரல் 26 முதல் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் நேரடி விற்பனை. நோயாளியோட உறவினர், டாக்டர் சீட்டும் பரிசோதனை முடிவும் ஆதாரும் எடுத்துக்கிட்டு வரிசையில் நிற்கணும். யோசிச்சுப் பாருங்க: அந்த வரிசையில் நிற்கிற ஒவ்வொருத்தரும் கொரோனா நோயாளியோட வீட்டு ஆள். தொற்றாளரோட நெருங்கிப் பழகினவங்களை எல்லாம் தேடிப் பிடித்து ஒரே தெருவில் நிற்க வைக்கணும்னு யாராவது திட்டம் போட்டாலும் இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

பிறகு கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருநெல்வேலியிலும் விற்பனை தொடங்கினாங்க. திருவண்ணாமலைக்காரருக்கு அதுவும் வெளியூர்தான். சென்னைன்னா சுமார் 190 கிலோமீட்டர். மே நடுவில் சென்னை விற்பனையை நேரு விளையாட்டரங்கத்துக்கு மாற்றினாங்க, அங்கேயும் கூட்டம். மே 18 முதல் தனியார் மருத்துவமனைகளுக்கே நேரடியாக ஒதுக்குகிற முறை வந்தது, வரிசை மறைந்தது. அந்த மருந்தைக் கோவிட் சிகிச்சைக்குப் பரிந்துரைக்க முடியாதுன்னு உலக சுகாதார அமைப்பு 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது என்பது இன்னொரு சோகம்.

நோயாளி மருத்துவமனையில் படுத்திருக்கார், மருந்து கொடுக்கப்போறதும் மருத்துவமனை. நடுவில் உறவினரை எதுக்கு அலைய விடணும்? மூன்று வாரத்துக்கு அப்புறம் கண்டுபிடிச்ச வழியை முதல் நாளே யோசிக்க, பெரிய கணித மாதிரி எதுவும் வேண்டியதில்லை. பொருள் கடைசியில் எங்கே பயன்படுதோ அங்கே அனுப்புங்க, அவ்வளவுதான்.

48 மணி நேரம்

இப்போ மறுபடியும் இலைக் கணக்குக்கு வருவோம். 2020 ஏப்ரல் இரண்டாவது வாரத்தில், கட்சிகளும் தொண்டு அமைப்புகளும் தனி ஆட்களும் நேரடியாக நிவாரணம் கொடுக்கக் கூடாது, அதிகாரிகளிடம் ஒப்படைக்கணும்னு அரசு சொன்னது. அதை எதிர்த்து திமுக உள்ளிட்ட கட்சிகள் சென்னை உயர் நீதிமன்றம் போயின. கொடுக்கலாம், ஆனா 48 மணி நேரத்துக்கு முன்னாடி அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லணும், சில பேர் மட்டும்தான் போகணும்னு நீதிமன்றம் வழி விட்டது.

அரசோட பயத்தில் நியாயம் இருந்தது. கட்சிக்காரங்க பை கொடுக்கிற இடத்தில் சேர்ந்த கூட்டத்தை நாம எல்லாரும் பார்த்தோம். ஆனா 48 மணி நேரம் என்பது அரிசி மூட்டைக்குச் சரி. சமைத்த சோற்றுக்கு எப்படி? இன்னைக்கு மதியம் சாப்பாடு இல்லைன்னு மதியம்தான் தெரியும். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சோறு போடுகிற சமையல்கூடத்தையும், படம் எடுக்க ஒரு நாள் பை கொடுக்க வருகிறவரையும் ஒரே விதியில் அடைத்ததுதான் தப்பு.

அன்னதானக் கூடங்கள் கூட்டம் சேர்க்கிற இடம், அதனால் மூடணும். சரி. ஆனா மூட வேண்டியது பந்தியைத்தானே, அடுப்பை எதுக்கு? 2021 மே மாதம் அறநிலையத் துறை, கோயில் சமையல்கூடங்களில் தினமும் 1 லட்சம் பொட்டலம் சமைத்து மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கும் கூட இருக்கிறவங்களுக்கும் கொடுக்கிற திட்டத்தை ஆரம்பிச்சது. பந்தி இல்லாமல் அடுப்பை எரிய வைக்க முடியும்னு அதுவே காட்டினது. அதை முதல் நாளிலிருந்தே செய்யணும்.

என்ன பண்ணலாம்

என்னோட யோசனை பெரிசா ஒன்றும் இல்லை. அட்டைக் கணக்கோட பக்கத்தில் இலைக் கணக்கையும் வைக்கணும். ஊரில் எந்தெந்த ஆசிரமம், மடம், கோயில், அறக்கட்டளை தினமும் எத்தனை பேருக்குச் சோறு போடுது, எந்த நேரம், எந்த இடம் என்று நோய் எதுவும் இல்லாத காலத்திலேயே நகராட்சி ஒரு குறிப்பு வைத்திருக்கலாம். பௌர்ணமிக்கு எவ்வளவு, சீசனில் எவ்வளவு, சாதாரண நாளில் எவ்வளவு என்று மூன்று எண் இருந்தால் போதும்.

நோய் வந்ததும் பந்தியை நிறுத்தி, அதே அடுப்புகளுக்கு அரிசி, பருப்பு, எரிவாயுவை அரசு கொடுக்கலாம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அஷ்டலிங்கச் சன்னிதிகள் எட்டும் எல்லாருக்கும் தெரிந்த இடங்கள். ஒவ்வொரு லிங்கத்துக்குப் பக்கத்திலும் ஒரு வண்டி, ஒரு நேரம். சாப்பிடுகிறவர் நடக்க வேண்டாம், கூட்டம் எட்டாகப் பிரியும்.

"அடையாளம் கேட்காமல் கொடுத்தால் ஒரே ஆள் இரண்டு தடவை வாங்குவாரே?" வாங்கட்டும். அரிசியைப் பதுக்கலாம், விற்கலாம். சாம்பார் சாதம் சாயங்காலத்துக்குள் கெட்டுப்போகும். ஒருத்தர் கூடுதலாக ஒரு பொட்டலம் வாங்கினால் நஷ்டம் ஒரு பொட்டலம். ஒருத்தரை விட்டுட்டால் நஷ்டம் ஒரு நாள் பட்டினி. அது இல்லாமல், பசியோட இருக்கிறவர் சோறு தேடி ஊருக்குள் அலைவார். அப்போ நோய்க் கட்டுப்பாடும் போச்சு.

இன்னொரு கேள்வி கொஞ்சம் கடினம். அரசு சாதுக்களை எண்ண ஆரம்பித்தால், அது போலீஸ் கணக்கெடுப்பாக மாறாதா? இந்தப் பயம் நியாயமானது. பேரும் பழைய ஊரும் சொல்ல விரும்பாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறவங்க இருக்காங்க. எண்ண வந்தால் அவங்கதான் முதலில் ஒளிஞ்சுப்பாங்க. அதனால்தான் இலையை எண்ணச் சொல்றேன், ஆளை இல்லை. 300 இலை விழுந்ததுன்னு தெரிந்தால் நாளைக்கு 300 பேருக்குச் சமைக்கலாம். அவங்க யாரு, எங்கிருந்து வந்தாங்க, ஏன் வந்தாங்கன்னு தெரிந்து அடுப்புக்கு ஆகப்போறது ஒன்றும் இல்லை.

2020 கார்த்திகை தீபத்துக்கு மலையேற யாரையும் விடலை. பௌர்ணமி கிரிவலம் ஏறக்குறைய இரண்டு வருஷம் நின்றிருந்தது. இப்போ கூட்டம் பழையபடி வருது, அன்னதானமும் நடக்குது, அட்டைக்கு அரிசியும் வருது. இரண்டு கணக்கும் மறுபடி ஒன்றையொன்று பார்க்காமல் ஓட ஆரம்பிச்சாச்சு. அடுத்த நோய் வருவதற்குள் அந்த மூன்று எண்ணையாவது யாராவது ஒரு நோட்டில் எழுதி வைக்கணும். ஒரு அதிகாரிக்கு அது ஒரு வாரத்து வேலை.